பசறை மலைகளில் ஆள் விலை: கங்காணித் தொழிலின் கட்டணமும் கடனும்

பதுளையிலிருந்து கிழக்கே நமுனுகுல மலைத்தொடரை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலை பசறையை அடைந்து, அங்கிருந்து லுணுகலை, பிபிலை வழியாக மட்டக்களப்புச் சமவெளியை நோக்கி இறங்குகிறது. அச்சாலையின் இருபுறத்திலும், மடுல்சீமைக்குப் பிரியும் கிளைவழியிலும் கோணக்கலை, எல்டெப், டெமேரியா, றோபேரி, ஹொப்டன், அடாவத்தை முதலான தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இத்தோட்டங்களின் கடந்த காலம் துரைமாரின் முயற்சி வரலாறாகவோ தொழிலாளரின் துயர வரலாறாகவோ சொல்லப்படுவது வழக்கம். இவ்விரு தரப்புக்கும் நடுவில் நின்று, ஆள் திரட்டித் தருவதையே தொழிலாகக் கொண்டு, அதற்கு விலை வைத்து, அதன் இழப்புகளைத் தாங்கியும் பிறர்மேல் தள்ளியும் தொழிலை விரித்துச் சென்ற பெரிய கங்காணியின் வரலாறு தனியே நோக்கத் தக்கது. எந்த அலகுக்கு விலை கேட்பது, நட்டம் வந்தால் அது யார் தலையில் விடியும், தொழிலைப் பெருக்குவது எப்படி என்ற மூன்றும் சேவை ஒன்றை விற்கும் எந்தத் தொழிலுக்கும் உரிய கேள்விகள். காப்பிக் காலம் முதல் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை, ஊவாவின் தோட்டங்களில் அவற்றுக்கான விடை பெரும்பாலும் கங்காணியின் கணக்கேட்டிலேயே எழுதப்பட்டது.

கங்காணி தோட்டத்துக்கு வழங்கிய சேவை மூன்று நிலைகளைக் கொண்டது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் கிராமங்களில் தன் உறவினரையும் சாதியாரையும் ஊராரையும் திரட்டுவது முதல் நிலை; தோட்டமக்களின் பேச்சில் இது ஆள் கட்டுதல் எனப்பட்டது. திரட்டிய ஆள்களைக் கடல் கடத்தி, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியாகவும் பின்னர் மலைவழியாகவும் நடத்திச் செல்வது இரண்டாம் நிலை. தோட்டத்து லயங்களில், அதாவது வரிசைக் குடியிருப்புகளில், அவர்களைக் குடியமர்த்தி, விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்துக்கு நாள்தோறும் கொண்டுவந்து நிறுத்துவது மூன்றாம் நிலை. ஊவாவுக்கு வந்தவர்களுக்கு மாத்தளையோடு நடை முடிந்துவிடவில்லை. அதற்கப்பாலும் மலைத்தொடர்களைக் கடக்க வேண்டியிருந்தது. தூரம் கூடக்கூட வழிச்செலவும், நோயாலும் சாவாலும் ஓட்டத்தாலும் ஆள் குறையும் வாய்ப்பும் கூடின. பண்டாரவளைக்கு 1894இல்தான் இருப்புப்பாதை வந்தது. பதுளைக்கு வர 1924 ஆயிற்று. பசறைக்கு அது வரவே இல்லை. ஆகவே கங்காணியின் சேவைக்கு இப்பகுதித் தோட்டங்கள் காட்டிய தேவை, கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் தேவையைவிடக் கடுமையாக இருந்ததில் வியப்பில்லை.

இச்சேவைக்குத் தோட்டம் நேரடியாகக் கொடுத்த கட்டணம் வெளிப்பார்வைக்கு மிகச் சிறியது. பெரிய கங்காணிக்கு அவருடைய கூட்டத்திலிருந்து அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் இத்தனை சதம் என்ற வீதத்தில் பென்ஸ் காசு கிடைத்தது. அவருக்குக் கீழே சிறு கூட்டங்களை நடத்திய சில்லறைக் கங்காணிக்கு அதே முறையில் தலைக்காசு கிடைத்தது. ஆளுக்கு 2 சதம் என்று வைத்துக் கணக்கிட்டால், 100 பேர் கொண்ட கூட்டம் மாதத்தில் 25 நாள் முழுமையாக இறங்கினால் கங்காணிக்கு 50 ரூபாய் சேரும். விலையின் அளவைவிட விலையின் அலகே இங்கு கருதத்தக்கது. ஆள் இலங்கைக்கு வந்து சேர்ந்ததற்காகவோ தோட்டத்தில் பெயர் பதிந்ததற்காகவோ இப்பணம் தரப்படவில்லை. அன்று காலை செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், பெயர் விழுந்ததற்காகவே தரப்பட்டது. காய்ச்சலில் படுத்தவரும், குழந்தை பெற்றவரும், மழைக்கு ஒதுங்கியவரும் கங்காணிக்கு அன்றைய வருமானத்தில் ஒரு குறைவு. ஆள்களைக் கண்காணிக்கும் செலவைத் துரை இவ்வாறு சில சதங்களுக்குக் கங்காணியின் தோளில் ஏற்றிவைத்தார். விடியலில் லயத்து வாசலில் ஒலித்த கங்காணியின் குரல் அத்தனை கடுமையாக இருந்ததற்கு அவருடைய குணத்தைவிட அவருக்குத் தரப்பட்ட விலையின் அமைப்பே பெரிய காரணம்.

இந்த விலைமுறையில் ஒரு குறையும் இருந்தது. எத்தனை தலை இறங்கியது என்பதற்கே கட்டணம் என்பதால், எவ்வளவு வேலை நடந்தது, கொழுந்து எவ்வளவு சுத்தமாக எடுக்கப்பட்டது என்பவற்றில் பெரிய கங்காணிக்கு வருமானம் சார்ந்த அக்கறை இல்லை. அதைக் கவனிக்கக் கணக்கப்பிள்ளை, கண்டாக்டர் என்ற சம்பளக்கார வரிசை ஒன்றைத் தோட்டம் தனியே வைக்க வேண்டியிருந்தது. ஒரே வேலையின் அளவைக் கங்காணியும் தரத்தைக் கணக்கப்பிள்ளையும் பார்த்த இந்த இரட்டை ஏற்பாட்டின் சுவடு, கங்காணியின் அதிகாரம் போய் நீண்ட காலமான பின்னும் தோட்ட நிருவாகத்தில் நிலைத்தது.

சில சதம் பென்ஸ் காசுக்காக ஒருவர் கடல் கடந்து கிராமம் கிராமமாக அலைந்திருக்க மாட்டார். தொழிலின் மெய்யான உயிர் முன்பணத்தில் இருந்தது. ஆள் கட்டப் புறப்படும் கங்காணிக்குத் துரை ஒரு தொகையைக் கொடுப்பார். கிராமத்தில் ஆளின் பழைய கடனைத் தீர்க்கவும், குடும்பத்துக்குச் சில நாள் அரிசிக்கும், துணிக்கும், வழிச்செலவுக்கும் கங்காணி அதிலிருந்து செலவிடுவார். செலவான தொகை அந்தந்த ஆளின் பெயரில் கடனாக எழுதப்பட்டு, பின்னர் சம்பளத்தில் கழிக்கப்படும். துரைக்குக் கங்காணி கடன்காரர். கங்காணிக்குத் தொழிலாளர் கடன்காரர். இரண்டு கணக்குகளுக்கும் இடையில் தொகை ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. எழுத்தறியாத ஆளின் பெயரில் எவ்வளவு எழுதப்பட்டது என்பதை அறிந்தவர் எழுதியவர் மட்டுமே. வட்டியும், கங்காணி கடனுக்குக் கொடுத்த பண்டங்களின் விலையும் இந்த இடைவெளிக்குள் புகுந்தன.

இத்தகைய கடனுக்கு ஈடாக நிலமோ நகையோ இல்லை, ஆள்தான் ஈடு. ஆள் இறந்தால், ஓடிப்போனால், நோயாளியாகி ஊர் திரும்பினால், கடன் கங்காணியின் பெயரிலேயே தங்கும். நட்ட வாய்ப்பு இவ்வளவு பெரிதாக இருந்தும் தொழில் நடந்ததற்கு இரண்டு காப்புகள் உதவின. கூட்டம் பெரும்பாலும் உறவும் ஊரும் சார்ந்ததாக இருந்ததால், இறந்தவரின் கடன் மனைவி மக்கள் மீதும், ஓடியவரின் கடன் உடன்பிறந்தார் மீதும் இறங்கியது. வழக்கு மன்றத்தில் நிற்காத பொறுப்பு உறவின் மானத்தில் நின்றது. மற்றொரு காப்பை அரசே தந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சாதாரண ஒப்பந்த மீறலுக்குச் சிறை என்ற இந்த ஏற்பாடு, முன்பணம் கொடுத்தவர்களுக்கு அரசு விலையின்றி வழங்கிய காப்புறுதியாக வேலைசெய்தது.

காப்பிக் காலத்தில் இந்தக் கணக்குக்கு ஒரு முடிவுநாள் இருந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆள் வந்து, பருவம் முடிந்ததும் பெருந்தொகையினர் ஊர் திரும்பினர் என்பதால், முன்பணம் பெரும்பாலும் ஓராண்டுக்குள் சுழன்று திரும்பியது. அந்தச் சுழற்சியை உடைத்த நிகழ்ச்சி பசறைக்கு அருகிலேயே தொடங்கியது. 1869இல் இலங்கையில் காப்பி இலைநோய் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது மடுல்சீமையில்தான். இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடியாகப் படியும் அப்பூஞ்சணத்தைப் பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவெயிட்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்க, அங்கு பூஞ்சணவியலாளர் பெர்க்கிலி அதற்குப் பெயரிட்டார். 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்டு நோயின் போக்கை விளக்கினாரேயன்றி, காப்பியைக் காப்பாற்றும் வழி எதுவும் கிடைக்கவில்லை. ஊவாத் தோட்டங்கள் மற்ற மாவட்டங்களைவிடச் சற்று நீண்ட காலம் காப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன என்பது உண்மைதான். எனினும் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த கொழும்பு நிறுவனங்கள் கையை இறுக்கியபோது, அந்த இறுக்கம் மாவட்டம் பார்த்து வரவில்லை.

1884 மே மாதத்தில் ஒரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் நாணயத்தாள்களுக்கு ஆளுநர் ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதம் கொடுத்ததால் கடைத்தெருவில் பீதி தணிந்தது; இரண்டாண்டு கழித்து, 1886இல், ஊவாவைத் தனி மாகாணமாக்கியவரும் இவரே. நாணயத்தாளுக்கு உத்தரவாதம் கிடைத்தது போலக் கங்காணியின் முன்பணத்துக்கு எவரும் உத்தரவாதம் தரவில்லை. தோட்டம் நொடித்தபோது பல மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தது. அடகு பிடித்தவர் தோட்டத்தை எடுத்துக்கொள்ள, உழைத்தவர் வெறுங்கையோடு நின்றார். இந்நிலை பரவலானதால் 1884ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளரின் சம்பளத்தைத் தோட்டத்தின் மீதான முதற் பொறுப்பாக, அதாவது அடகுக் கடனுக்கும் முந்தித் தீர்க்க வேண்டிய கடனாக ஆக்கியது. மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 60 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் பின்னர் விதித்தது. இரண்டு மாதம் கழித்துத் தருவதும் சட்டப்படி காலத்தோடு தருவதாகக் கருதப்பட்டது என்றால், அதற்கு முன் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேறு சான்று தேவையில்லை. சம்பளம் தாமதமான ஒவ்வொரு மாதத்திலும் தொழிலாளர் அரிசிக்கும் உப்புக்கும் கங்காணியிடமே கைநீட்டினர். தோட்டத்தின் நடைமுறை மூலதனத்தில் ஒரு பகுதியை இவ்வாறு கங்காணியும், அவருக்குக் கடன் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் சேர்ந்து சுமந்தனர்.

தேயிலை இக்கணக்கின் தன்மையையே மாற்றியது. 1875இல் இலங்கையில் ஏறத்தாழ 1,000 ஏக்கராக இருந்த தேயிலை, 1895க்குள் 3 இலட்சம் ஏக்கரைக் கடந்தது. காப்பிபோல் ஒரு பருவத்தோடு நிற்காமல் ஆண்டு முழுவதும் சில நாள்களுக்கு ஒருமுறை கொழுந்தெடுக்க வேண்டிய பயிர் இது. குடும்பத்தோடு வந்து லயத்தில் தங்கும் ஆள்கள் தேவைப்பட்டனர், அவர்களிலும் பெண்களின் கை இன்றியமையாததாயிற்று. முன்பணத்துக்கு முடிவுநாள் என்று ஒன்று இல்லாமல் போனது. ஊர் திரும்பும்போது கணக்குத் தீர்ப்பது என்ற பழைய வழக்கம், ஊர் திரும்பாத குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. தேவை ஏறிக்கொண்டே போனதால் ஆள் வைத்திருந்த கங்காணியின் பேரம் வலுத்தது; முன்பணத்துக்கு உச்சவரம்பு வைப்பதாகத் துரைமார் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகள், கொழுந்து முற்றிக்கொண்டிருக்க ஆள் இல்லாமல் தவித்த முதல் தோட்டத்திலேயே உடைந்தன. 1854இல் தொடங்கிய துரைமார் சங்கம் இருப்புப்பாதைக்காக அரசோடு ஒரே குரலில் வாதாட முடிந்தது. தன் உறுப்பினர் ஒருவர் மற்றவரின் ஆள்களை இழுப்பதை நிறுத்த அதனால் முடியவில்லை.

இந்தப் போட்டியின் கருவியாக வளர்ந்ததே துண்டு எனப்பட்ட சீட்டு. ஒரு கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அக்கூட்டத்தின் கடன் இவ்வளவு, அத்தொகை குறித்த நாளுக்குள் கட்டப்பட்டால் கூட்டத்தை விடுவிக்கச் சம்மதம் என்று துரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய், கூடுதலாக முன்பணம் தரும் துரையைத் தேடுவார். 100 பேர் கொண்ட ஒரு கூட்டத்தின் துண்டில் 3,000 ரூபாய் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். புதிய துரை 4,000 தரச் சம்மதித்தால், பழைய கடன் 3,000 தீர்ந்து 1,000 கங்காணியின் கையில் மிஞ்சும். ஆனால் கூட்டத்தின் மீதான கடன் 4,000 ஆகிவிடும். அடுத்த முறை துண்டு அங்கிருந்துதான் தொடங்கும். இடம் மாறிய தொழிலாளருக்கு இதில் ஒரு சதமும் சேர்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேறு மலையில், வேறு லயத்தில், முன்பைவிடப் பெரிய கடனோடு அவர்கள் கண்விழித்தார்கள்.

துண்டின் உட்பொருளைக் கூர்ந்து பார்த்தால், கடன் என்ற பெயரில் அங்கு நடந்தது விலை நிருணயம் என்பது தெளிவாகும். புதிய துரை கட்டிய 4,000 ரூபாயை ஆள்களின் சம்பளத்திலிருந்து முழுமையாக மீட்க முடியும் என்று அவரே நம்பியிருக்க மாட்டார். கொழுந்து முற்றும் மாதத்தில் 200 கைகள் உடனே கிடைப்பதற்குக் கொடுத்த விலை அது. ஆனால் விலை என்று எழுதினால் அது செலவு. கடன் என்று எழுதினால் அது தோட்டத்தின் சொத்து. ஆகவே கணக்கேட்டில் அது முன்பணமாகவே நின்றது, தோட்டம் கைமாறும்போது அதுவும் மதிப்பிடப்பட்டுக் கைமாறியது. கங்காணிக்கும் இந்த வேடம் வசதியாக இருந்தது. சேவைக்குக் கேட்ட கட்டணத்தைத் தன் வாடிக்கையாளரிடமிருந்து பெற்றுக்கொண்டு, அதைத் திருப்பிக் கட்டும் பொறுப்பை வேறொருவர் பெயரில் எழுத வேறெந்தத் தொழிலில் முடியும்? 1908இல் அறிக்கை தந்த தொழிலாளர் ஆணைக்குழுவின் முன் துண்டைப் பற்றி முறையிட்ட துரைமார், துண்டை ஏற்றுக்கொண்டு ஆள் எடுத்தவர்களும் தாங்களே என்பதை அவ்வளவு உரக்கச் சொல்லவில்லை.

கங்காணித் தொழில் வளர்ந்த விதம் அதன் கடன் அமைப்பிலிருந்தே பிறந்தது. ஒருவர் தாமே நேரில் அறிந்து கட்டுப்படுத்தக்கூடிய கூட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் போக வேண்டுமானால் நம்பகமான சில்லறைக் கங்காணிகளை வளர்த்து, முன்பணத்தை அவர்களுக்குப் பிரித்துக்கொடுத்து, அவர்களுடைய ஊர்களிலிருந்து அவர்களுடைய உறவைக் கொண்டே ஆள் கட்ட வேண்டும். ஒரே ஊரைச் சேர்ந்த ஆள்களை நம்பியிருந்த கூட்டத்தைவிடப் பல ஊர்களுக்குக் கிளைவிட்ட கூட்டம், ஓரிடத்தில் நல்ல மழை பெய்து ஆள் கிடைக்காத ஆண்டிலும் தாக்குப்பிடித்தது. பஞ்சம் வந்த ஊரில் முன்பணம் மலிவு, விளைச்சல் கண்ட ஊரில் அது கிராக்கி. இந்த வேறுபாட்டை அறிந்தவரே பெரிய கங்காணியாக உயர்ந்தார். ஆனால் இந்த வளர்ச்சியில் ஓர் ஆபத்து பொதிந்திருந்தது. தேறிய சில்லறைக் கங்காணி ஒருநாள் தன் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு தனித் துண்டு கேட்கக்கூடும். வாடிக்கையாளரை நேரில் அறிந்த ஊழியர் தனிக்கடை போடும் அச்சம் எல்லாச் சேவைத் தொழில்களுக்கும் பழையது. துரையும் தம் பங்குக்கு, ஒரே கங்காணியிடம் தோட்டம் முழுவதும் சிக்கிவிடாதபடி இரண்டு மூன்று பெரிய கங்காணிகளை ஒரே தோட்டத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

இவ்வழியில் சேர்ந்த செல்வம் சிலரைத் தோட்ட உடைமை வரை கொண்டுசென்றது. இராமநாதபுரம் சீமையின் முனப்புதூரிலிருந்து வந்து கங்காணியாக உயர்ந்த கருப்பையா தொண்டமான் இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தை வாங்கினார். அவருடைய மகன் சௌமியமூர்த்தி தொண்டமான் பிற்காலத்தில் நாட்டின் மிகப் பெரிய தோட்டத் தொழிற்சங்கத்துக்குத் தலைவரானார். எனினும் இது விதிவிலக்கு. பெரும்பாலான கங்காணிகளின் செல்வம் வரவேண்டிய கடனாகவே ஏட்டில் இருந்தது. ஒரு சட்டத் திருத்தம் வந்தால் கரையக்கூடிய செல்வம் அது.

அத்திருத்தம் படிப்படியாக வந்தது. 1901ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்த தகரத்துண்டு முறை, இரண்டாம் நிலைச் செலவைக் கங்காணியின் கையிலிருந்து எடுத்தது. தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகர வில்லையைக் கழுத்தில் கட்டிய ஆளுக்கு வழியில் உணவும் பயணமும் அரசு ஏற்பாட்டில் கிடைத்தன. செலவு பின்னர் தோட்டத்திடம் அறவிடப்பட்டது. 1904இல் துரைமார் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஒன்றை நிறுவி, ஆள் கட்டுதலைத் தம் மேற்பார்வைக்குள் கொண்டுவர முயன்றனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபுறமும் இரயிலும் இணைந்தபின், மன்னார்க் காட்டு நடை பழங்கதையாயிற்று. வழியறிந்தவர், வழித்துணை என்ற கங்காணியின் பழைய பெருமை இதனால் சுருங்கியது. கிராமத்தில் அவருக்கிருந்த செல்வாக்கும், கடனேடும் மட்டுமே மிஞ்சின.

கடனேட்டை அடித்தது 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம். துண்டு தடைசெய்யப்பட்டது, வேலையை விட்டு நீங்கியதற்காகத் தொழிலாளரைச் சிறையிடும் ஏற்பாடும் நீக்கப்பட்டது. இந்தியாவில் 1922இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டு, ஆள் அனுப்புவதற்கு இந்திய அரசு நிபந்தனைகள் விதித்ததன் தொடர்ச்சியாக, 1923ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் ஒரு பொது நிதி அமைந்தது. தோட்டங்கள் செலுத்தும் தொகையிலிருந்து ஆள் கட்டும் செலவும் பயணச் செலவும் கொடுக்கப்பட்டன. புதிதாக வரும் தொழிலாளர் கடனின்றி வந்திறங்க வேண்டும் என்பது ஏற்பாட்டின் மையம். மலாயாவில் 1907இலேயே தமிழ்க் குடிவரவு நிதி என்ற பெயரில் இத்தகைய பொது நிதி தொடங்கியிருந்தது. அங்கு இரப்பர்த் தோட்டங்கள் ஆளுக்காக ஒன்றையொன்று கடித்துக்கொண்ட அனுபவமே அதற்குக் காரணம். நட்டத்தைத் தனித்தனியே தாங்குவதைவிட எல்லாரும் பங்கிட்டுத் தாங்குவது மலிவு என்ற காப்புறுதிக் கணக்கை இலங்கைத் துரைமார் ஏற்க மேலும் 16 ஆண்டு ஆயிற்று. பொது நிதியால் பசறை, மடுல்சீமை போன்ற தூரத்துத் தோட்டங்களின் கூடுதல் வழிச்செலவும் பொதுச் செலவில் கரைந்தது.

இதன்பின் உரிமம் பெற்று ஊருக்குப் போன கங்காணி, தன் பணத்தையோ செட்டியாரின் பணத்தையோ பணயம் வைக்கவில்லை. அதற்கேற்ப அவர் பெற்றதும் குறைந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் குறைந்தபட்சக் கூலி விதிக்கப்பட்டு, 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்கூலி உறுதியானபோது, கூலியைக் குறைத்துப் பேசி இடையில் எடுக்கும் வழியும் அடைபட்டது. பெண்ணின் கொழுந்துக் கையை நம்பியே நின்ற தொழில், அந்தக் கைக்கு ஆணைவிட 11 சதம் குறைத்து விலை வைத்ததைச் சட்டம் சரிசெய்யவில்லை, எழுத்தில் ஏற்றி நிலைப்படுத்தியது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் கங்காணி முறையையே நேரடியாகத் தாக்கியது. 1939 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்ததோடு ஆள் கட்டும் தொழில் முடிந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் பதுளைக்கு அருகில் வெவெஸ்ஸ தோட்டத்தில் இலங்கை சமசமாஜக் கட்சியினரின் சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த சபை துரையோடு பேசும் உரிமை கோரியது. துரைக்கும் லயத்துக்கும் இடையே நின்று பேசும் வேலை கங்காணியின் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு வந்த தோட்டத் தலைவருக்கும் சங்கத்துக்கும் வருமானம் தலைக்கு இவ்வளவு என்ற மாதச் சந்தாவாகவே அமைந்தது. சேவையின் இயல்பு முற்றிலும் மாறியபோதும் விலையின் அலகு மாறவில்லை என்பது தற்செயலாகவும் இருக்கலாம்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையான காலத்தைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நட்டம் முழுவதும் அரசின் தலையில் நின்றது, அவ்வளவே. 1992இல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றை நடத்தும் பொறுப்பு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியாரிடம் கொடுக்கப்பட்டபோது, நிருவாகம் என்ற சேவைக்கு எப்படி விலை வைப்பது என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. ஒப்பந்தக்காரருக்கு இலாபத்தில் பங்கு உண்டு, நிலத்தில் உரிமை இல்லை. தேயிலைச் செடியை மீள நட்டால் பலன் கிடைக்கச் சில ஆண்டு ஆகும். ஐந்தாண்டில் போகக்கூடியவர் அதில் பணம் போடத் தயங்கியது எதிர்பார்க்கத் தக்கதே. 1995 முதல் கம்பனிகளின் 51 வீதப் பங்குகள் விற்கப்பட்டு, குத்தகைக் காலம் 53 ஆண்டாக நீட்டப்பட்டது இந்தத் தயக்கத்தைப் போக்கவே.

நாட்சம்பளத்தின் மீதான பேரம் இதன்பின் கூட்டு ஒப்பந்தங்களுக்குள் நகர்ந்தது. 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயோடு விலைப் பங்குக் கொடுப்பனவு என்ற பெயரில் 50 ரூபாய் சேர்க்கப்பட்டது. 2021இல் சம்பள நிருணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கியது. கம்பனிகள் இதற்கு மாற்றாக முன்வைத்து வருவது, தோட்டத்து நிலத்தில் ஒரு பகுதிச் செடிகளை ஒரு குடும்பத்தின் பராமரிப்பில் விட்டு, கொண்டுவரும் பச்சைக் கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறை. உரமும் மருந்தும் கம்பனி முன்கூட்டிக் கொடுத்துப் பின்னர் கொழுந்துப் பணத்தில் கழிக்கும் இடங்களில், முன்பணம் வேறு உருவில் ஏட்டுக்குத் திரும்புகிறது. நாட்சம்பளத்தில் மழையின்மையின் நட்டத்தில் ஒரு பகுதியையாவது கம்பனி தாங்கியது. கிலோ முறையில் அது குடும்பத்தின் மீது இறங்குகிறது. ஊவாவில் இதற்குத் தனிப்பட்ட ஒரு சிக்கலும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்று, இப்பகுதித் தேயிலைக்கு உலகறிந்த வாசனையைத் தந்து கொழும்பு ஏலத்தில் விலையை ஏற்றும் அதே மாதங்களில், கொழுந்தின் அளவைக் குறைத்துவிடுகிறது. சிறு தேயிலைத் தோட்ட உடைமையாளருக்கு, ஏல விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 வீதம் தொழிற்சாலைக்கும் என்ற கணக்குப்படி இந்த விலையேற்றத்தில் பங்கு கிடைக்கிறது. செடியைப் பராமரித்தும் நிலத்துக்கு உரிமை இல்லாத லயத்துக் குடும்பங்களையும் சிறு தோட்ட உடைமையாளராக ஏற்க வேண்டும் என்று மலையக அமைப்புகள் கேட்டு வருகின்றன.